இன்றைய வயது விகிதம்

மாசாயிலிருந்து பெர்மாஸ் ஜெயாவுக்கு மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் ஒருவருக்கு இருபத்தோரு வயது கூடிவிடுமா என்று கேட்டால், கூடும். பிரேமலா டீச்சருக்குக் கூடியது. காலை ஒன்பதரைக்குக் கணவர் செல்வாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பத்து மணிக்கு எழுபத்து நாலு. ஹெல்மெட் கலைத்த முடியைக்கூட அவர் இன்னும் சரிசெய்திருக்கவில்லை.

அந்தக் கணக்கைப் போட்டது அனைத்துலக ஆங்கில ஆசிரியர் மன்றம். பெயரைக் கேட்டு ஏதோ சீமையில் பளிங்குக் கட்டடத்தில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே பல் டாக்டர், பக்கத்தில் நாய்க்கு முடி வெட்டும் கடை, மாடியில் மன்றம். படியேறும்போது நாய் குரைப்பதும் பல் ராவுவதும் சேர்ந்து கேட்கும்.

பிரேமலா அங்கே போனதற்குக் காரணம் இருந்தது. இருபத்தேழு வருடம் அவர் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த தனியார் பள்ளியை முதலாளி விற்றுவிட்டார். வாங்கியவர் வகுப்பறைச் சுவர்களை இடித்துவிட்டுப் பூப்பந்து மைதானம் ஆக்கினார். மகள் லோஷினி கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் மருந்தியல் படிக்கிறாள், இன்னும் இரண்டு வருடம் பாக்கி. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் செல்வா வாங்கும் சம்பளம் மாசாய் வீட்டைத் தாங்கும், சபாவைத் தாங்காது. ஜொகூரில் உள்ள பள்ளிகளுக்கெல்லாம் மனுப் போட்டுப் பார்த்தார். வயது அதிகம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எல்லாருக்கும் கூச்சம். "இப்ப ஆள் எடுக்கலயே டீச்சர்" என்று அனுப்பிவிட்டு, மறுவாரமே ஆள் தேவை என்று விளம்பரம் போட்டார்கள். மிச்சம் இருந்தது வெளிநாடு. பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கக் கூடாது. அதற்காக நிலாவில் போய் ஆங்கிலம் கற்பிக்கச் சொன்னாலும் அவர் போயிருப்பார்.

மன்றத்தின் தலைவர் ருக்னுதீன். அவருடைய அத்தாவும், அத்தாவுக்கு அத்தாவும் ஜொகூர் பாருவில் நாணயம் மாற்றும் கடை வைத்திருந்தவர்கள். கைப்பேசியிலேயே காசு மாறத் தொடங்கியதும் கடை படுத்துவிட்டது. சிவப்பு எண்கள் ஓடும் விகிதப் பலகை ஒன்றும், ஆள் உயர இரும்புப் பெட்டகம் ஒன்றும்தான் மிஞ்சின. தொழில் தெரிந்த கை சும்மா இருக்குமா? டாலர் இருந்த இடத்தில் வயதை ஏற்றினார்.

பலகையின் உச்சியில் 'இன்றைய வயது விகிதம்' என்று ஆங்கிலத்தில் மின்னியது. கீழே வரிசையாகக் கொடிகள். இங்கிலாந்து 0.60. ஆஸ்திரேலியா 0.62. கொடிகள் இறங்க இறங்க எண் ஏறியது. மலேசியக் கொடிக்கு மட்டும் மூன்று வரிகள் இருந்தன. ஏன் மூன்று என்று மலேசியர்கள் யாரும் கேட்டதில்லை. மூன்றாவது வரியில் 1.40 என்று இருந்தது.

"நம்மாளுங்களுக்கு ஒன்னு புள்ளி நாலு டீச்சர்" என்றாள் கவுண்டரில் இருந்த நாஸியா. ருக்னுதீனின் மருமகள், கணக்கில் புலி. "உங்களுக்கு அம்பத்து மூனு. பெருக்கினா எழுபத்து நாலு புள்ளி ரெண்டு. அந்தப் புள்ளி ரெண்ட விட்டுடலாம், பரவால்ல."

"ஏம்மா, எனக்கு அம்பத்து மூனுதானே?"

"அது உங்க ஊர் வயசு டீச்சர். நான் சொல்றது அங்க செல்லுற வயசு. சிங்கப்பூர்ல பத்து வெள்ளிக்குச் சாப்பிட்டா நம்ம காசுக்கு எவ்ளோன்னு பாக்குறீங்கல்ல? அதே மாதிரிதான் லா."

வேறு ஊர்க்காரராக இருந்தால் அந்த இடத்திலேயே சண்டை பிடித்திருப்பார். சிங்கப்பூர் எல்லையில் வாழும் ஜொகூர்க்காரர்களுக்கு விகிதம் என்று வந்துவிட்டால் வாதமே கிடையாது. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் சிங்கப்பூர் வெள்ளி எவ்வளவு என்று பார்க்கிற சனங்கள். பலகையில் எண் ஓடினால் அது ஆண்டவன் போட்ட எண். இருபத்தேழு வருடம் பிள்ளைகளிடம் 'ஏன் என்று கேளுங்கள்' என்று சொல்லி வந்த டீச்சரும் பலகையைப் பார்த்ததும் ஏன் என்று கேட்கவில்லை. "நேத்து எவ்ளோ இருந்துச்சு?" என்றுதான் கேட்டார்.

"நேத்து ஒன்னு புள்ளி மூனு எட்டு. நேத்தே வந்திருக்கலாம் டீச்சர்."

நேற்றே வராமல் போனதற்காகப் பிரேமலா உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அவருக்கு முன்னால் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஆஸ்திரேலியர், அறுபத்தாறு வயது, ஆயுள் முழுக்கக் குளியல் தொட்டி விற்றவர். பெருக்கிப் பார்த்ததில் நாற்பது புள்ளி ஒன்பது வந்தது. இளம் ஆசிரியர் பிரிவில் எங்கோ அனுப்பிவிட்டார்கள். இன்னொருவன் டைலர் என்று ஓர் இங்கிலாந்துப் பையன். இருபத்து மூன்று வயது. நீச்சல் குளத்தில் இரண்டு மாதம் காவல் பார்த்தவன். அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து கறிபாப் பலகாரம் தின்றுகொண்டிருந்தான். அவனுக்குத்தான் சிக்கல். இருபத்து மூன்றை 0.60-ஆல் பெருக்கினால் பதின்மூன்று புள்ளி எட்டு. சின்னப் பிள்ளையை வேலைக்கு அனுப்ப மன்றத்துக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

"பாவம் டீச்சர், அவருக்கு வயசு பத்தல" என்றாள் நாஸியா. "உங்களுக்கு ஏராளமா இருக்கு. ஆண்டவன் எப்படிப் பிரிச்சுப் போட்டிருக்கான் பாருங்க."

ருக்னுதீன் அறைக்குள் கூப்பிட்டார். கழுத்தில் டை, சட்டைப் பையில் மூன்று பேனா. தொலைபேசியில் யாரிடமோ, "திஸ் இஸ் ரிக்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மறுபடியும் ருக்னுதீன் ஆனார்.

"வணக்கம் பாய்" என்றார் பிரேமலா.

"பாய்லாம் கீழ, ரோட்டுல டீச்சர். மாடியில டைரக்டர்." அவர் கோபப்படாமல் திருத்தினார். "உக்காருங்க. ஒன்னு சொல்லிடுறேன். எங்க மன்றத்துல பாகுபாடே கெடையாது. வயசு பாக்க மாட்டோம், நெறம் பாக்க மாட்டோம், பேரு பாக்க மாட்டோம். எல்லாத்தையும் பலகை பாத்துக்கும். நாங்க பலகைய மட்டும்தான் பாப்போம்."

"எந்த நாட்டுல வேலைங்க?"

"ஏழாம் நாடு."

"அதுக்குப் பேரு?"

"பேரத் தேறுனவங்களுக்கு மட்டும்தான் சொல்லுவோம். தேறாதவங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படும்ல? முப்பத்தஞ்சு வயசுக்குள்ள கேக்குறாங்க. உங்களுக்கு எழுபத்து நாலு. முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். எங்க அத்தா கடையில வந்தவங்க யாரையும் வெறுங்கையோட அனுப்புனதில்ல."

முதலில் படம் எடுத்தார்கள். படம் எடுக்கிற சயீத் நாலு விளக்கை முகத்துக்கு நேரே போட்டார். யாரும் இதுவரை ஒரு கேள்வி கேட்டிராத முகம்போல வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கணினியில் உட்கார்ந்து வெளுக்க ஆரம்பித்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களுக்குத்தானே அந்தப் படம் போகப் போகிறது. கால் மணி நேரம் கழித்துத் திருப்பிக் காட்டினார்.

"இது யாருங்க?" என்றார் பிரேமலா.

"நீங்கதான் டீச்சர். முப்பத்தஞ்சு வயசுல. வேற அம்மாவுக்குப் பொறந்திருந்தா."

அடுத்து குரல் தேர்வு. ஏழாம் நாட்டிலிருந்து மூன்று பேர் திரையில் வந்தார்கள். பிரேமலாவின் பக்கம் கேமராவை அணைத்து வைத்துப் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார்கள். அவர் மீன் விற்கிற பெண்ணும் பேரம் பேசுகிற கிழவரும் ஆனார். இரண்டு குரலிலும் மாறி மாறிப் பேசி, நடு நடுவே கேள்வி கேட்டு, மூன்று பேரையும் சிரிக்க வைத்தார். முடித்ததும் கைதட்டினார்கள். "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்? எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டிய குரல் இதுதான்" என்றார் நடுவில் இருந்த அம்மையார். பள்ளியை இடித்த பிறகு பிரேமலாவை யாரும் நல்ல வார்த்தை சொல்லிப் பாராட்டியதில்லை.

பிறகு கேமராவைப் போட்டார்கள். மூன்று பேரும் குனிந்து தாளைப் புரட்டினார்கள்.

"முதல் பாதியில் உங்கள் ஆங்கிலம் நன்றாக இருந்தது" என்றார் அம்மையார். "கேமரா வந்த பிறகு உச்சரிப்பு கெட்டுவிட்டது."

"கேமரா வந்த பிறகு நான் இன்னும் பேசவே இல்லையே" என்றார் பிரேமலா.

"அதைத்தான் சொல்கிறோம். தயங்குகிறீர்கள்."

திரை கறுத்தது. வெளியே நீள நாற்காலியில் வந்து உட்கார்ந்தவருக்கு ஒருவர் தே ஓ என்னும் பாலில்லாத தேநீரைக் கொண்டுவந்து நீட்டினார். தலை பஞ்சாக நரைத்தவர். கோப்பையைக் கொடுக்கும்போது அவர் ஆங்கிலத்தில் சொன்ன ஒரே வாக்கியத்திலேயே பிரேமலா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி ஓர் ஆங்கிலத்தை அவர் பழைய தலைமையாசிரியர்களிடம்தான் கேட்டிருக்கிறார்.

"ஐயா எங்க படிச்சுக் குடுத்தீங்க?"

"நானா? எங்கயும் இல்லம்மா. நான் புதுசு" என்றார் அவர். பெயர் அர்ச்சுனன் என்று சட்டையில் குத்தியிருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, தெரியாத வீட்டில் நடப்பதுபோலச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் போனார். கூலாய் என்ற ஊரில் முப்பத்தோரு வருடம் பள்ளி நடத்தியவர் என்றும், எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு ஏழாம் நாட்டுக்குக் காத்திருக்கிறார் என்றும் நாஸியா மெதுவாகச் சொன்னாள். எத்தனை நாளாக என்று பிரேமலா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுபடியும் ருக்னுதீன் அழைத்தார். அவர் பேச்சு வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல இறங்கியது.

"கொரல் நல்லாருக்குன்னு அவங்களே சொல்லிட்டாங்க. வயசுதான் இடிக்கிது. வயசுன்னா என்ன டீச்சர்? செஞ்ச வேலையோட பாரம். பாரத்த எறக்கி வச்சிட்டா வயசு தானா எறங்கிடும். உங்க சர்வீஸ்ல ஒரு வருசத்த எங்ககிட்ட ஒப்படைச்சா, உங்க வயசுல ஒரு வருசம் கழியும். ஒன்னுக்கு ஒன்னு. இப்படி ஒரு விகிதம் எங்கயும் கெடைக்காது."

"ஒப்படைச்ச வருசம் எங்க போகும்?"

அவர் எழுந்து மூலையில் இருந்த இரும்புப் பெட்டகத்தைத் தட்டினார். "இங்கதான் இருக்கும். எங்க அத்தா காலத்துப் பெட்டி. இதுக்குள்ள போனது எதுவும் தொலைஞ்சு போனதில்ல." திரும்பி வெளியே வந்ததுண்டா என்பதை அவர் சொல்லவில்லை.

ஐந்து வருடம் கொடுத்தால் போதும் என்று பிரேமலா நினைத்தார். முதல் ஐந்து வருடத்தின் பாடக் குறிப்பேடுகள், வகுப்புப் படங்கள், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் பையில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். நாஸியா ஒவ்வொன்றின் மேலும் முத்திரை குத்தினாள். பெருக்கிப் பார்த்தால் அறுபத்தேழு புள்ளி இரண்டு.

அன்று வீட்டில் செல்வா சோற்றில் கை வைத்தபடி அப்படியே நிமிர்ந்தார்.

"அலமாக்! மொத அஞ்சு வருசத்தையும் குடுத்துட்டியா? அதுலதானே நம்ம கல்யாணம் நடந்துச்சு?"

"அது இதுல சேராதுங்க. சர்வீஸ் மட்டும்தான்."

"கேட்டுக்கிட்டியா?"

பிரேமலா ரசத்தை எடுத்து வைத்தார்.

"லோஷினி பொறந்த வருசத்த மட்டும் குடுத்துடாத புள்ள" என்றார் செல்வா.

ஆழம் தெரியாமல் ஒரு காலை விட்டவர் மறு காலையும் விட்டுத்தானே ஆக வேண்டும்? கொடுத்த ஐந்தும் வீணாகிவிடக் கூடாதே என்று இன்னும் பத்து கொடுத்தார். ஐம்பத்து மூன்று புள்ளி இரண்டு. எழுபத்து நாலிலிருந்து தொடங்கி இத்தனை பாடுபட்டு, பலகையின்படி அவருடைய சொந்த வயதுக்கு வந்து சேர்ந்திருந்தார். நாஸியா வாழ்த்துச் சொன்னாள். அந்தப் பத்தில்தான் லோஷினி பிறந்த 2004-ஆம் வருடமும் இருந்தது. நாஸியா அந்த வருடத்தின் ஏட்டைப் புரட்டி, விரலால் எண்ணிவிட்டுச் சொன்னாள்:

"இதுல ரெண்டு மாசம் பிரசவ லீவு டீச்சர். வேல செய்யாத நாள மன்றம் எடுத்துக்காது. அந்த ரெண்டு மாசத்த நீங்களே வச்சுக்கலாம்."

பிரேமலா நன்றி சொன்னார். அந்த நன்றியை நினைத்து அன்று பஸ்ஸில் வரும்போது அவருக்கே அழுகை வந்தது. கோபம் யார்மேல் என்று தெரியாத அழுகை. மறுவாரம் மிச்சம் இருந்த பன்னிரண்டு வருடத்தையும் கொண்டுபோய்க் கொட்டினார். பெட்டகத்தின் கதவு சாத்துகிற சத்தம் கீழே பல் டாக்டர் வரைக்கும் கேட்டது.

அதற்குப் பத்து நாள் கழித்து, செல்வாவின் முழங்காலைக் காட்ட மாசாய் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே நர்ஸாக இருக்கும் ஷஹீரா பிரேமலாவிடம் 2004-இல் படித்தவள். எப்போது பார்த்தாலும், "டீச்சர்!" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வருவாள். அன்று எழவில்லை. கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எண் எடுத்துட்டீங்களா ஆன்ட்டி?" என்றாள்.

"ஷஹீரா, நான்தான்மா. டீச்சர்."

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அப்படிக் கூப்பிட முடியாது ஆன்ட்டி. மன்றத்துலேர்ந்து கடிதாசி வந்துச்சு. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தது மிஸ்டர் டைலர்தான்னு உறுதி பண்ணச் சொன்னாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"யாரு?"

ஷஹீரா கைப்பேசியில் படத்தைக் காட்டினாள். 2004-ஆம் வருட வகுப்புப் படம். முன்வரிசையில் பல் விழுந்த ஷஹீரா. பின்னால் பிரேமலா நின்ற இடத்தில், கை கட்டிக்கொண்டு டைலர். அந்த வருடம் அவனுக்கு இரண்டு வயது. சயீதின் கைவேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நிழல்கூட சரியான பக்கம் விழுந்திருந்தது.

"ஏம்மா, உனக்கு என்னைய நினைவு இல்லையா?"

"இருக்கு." அவள் கண் கலங்கியது. "சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்கு மனு போட்டிருக்கேன் டீச்சர்... ஆன்ட்டி. மன்றம் ஒரு சர்ட்டிபிகேட் குடுக்குது. வெள்ளைக்காரர்கிட்ட படிச்சவங்கன்னு. அது இருந்தா என் விகிதம் எறங்குது. உங்ககிட்ட படிச்சேன்னு சொன்னா அங்க செல்லாது. என்ன மன்னிச்சிடுங்க."

அவள் பிரேமலாவின் கையைப் பிடித்தாள். பிறகு யாரோ வருவதைப் பார்த்து விட்டுவிட்டாள்.

பிரேமலா நேரே பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனார். மாடிப்படியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"என் வருசத்தத் திருப்பிக் குடுங்க. பெட்டியில பத்திரமா இருக்குன்னு சொன்னீங்கல்ல?"

"பத்திரமாத்தான் இருக்கு டீச்சர்" என்றார் ருக்னுதீன். "இடம் மட்டும்தான் மாறியிருக்கு. டைலர் தம்பிக்கு ஏத்திட்டோம். இருபத்து மூனோட உங்க இருபத்தேழு. அம்பது. புள்ளி ஆறால பெருக்கினா சரியா முப்பது. முப்பது வயசு, இருபத்தேழு வருச அனுபவம்! ஏழாம் நாட்டுல எடுத்த எடுப்புல தலைமையாசிரியர் ஆக்கிட்டாங்க."

"மூனு வயசுலேர்ந்தா படிச்சுக் குடுத்தாரு?"

"ஆர்வம் இருந்தா முன்னாடியே ஆரம்பிச்சிடலாம் டீச்சர். உங்க மனச நான் புரிஞ்சுக்கறேன். வருசம் வேணும்னா தாராளமா வாங்கிக்கலாம். ஆனா வாங்குற விலை வேற, விக்கிற விலை வேற. எந்த நாணயக் கடையிலயும் அப்படித்தானே? எங்ககிட்ட ஒரு வருசம் வாங்கணும்னா ஒன்னு புள்ளி நாலு வருசம் குடுக்கணும்." அவர் பேனாவால் கணக்குப் போட்டார். "இருபத்தேழுக்கு முப்பத்தேழு புள்ளி எட்டு. உங்ககிட்ட இன்னும் முப்பத்தெட்டு வருசம் இருக்கா டீச்சர்?"

கேலியாகக் கேட்கவில்லை. பேனாவைத் தாளில் வைத்தபடி, இருக்கிறது என்று சொன்னால் எழுதிக்கொள்ளத் தயாராக அவர் முகத்தைப் பார்த்தார். ஐம்பத்து மூன்றும் முப்பத்தெட்டும் தொண்ணூற்றொன்று என்று பிரேமலாவின் மனம் தானாகவே கூட்டிப் பார்த்தது.

"அத விடுங்க" என்று ருக்னுதீன் அடுத்த தாளை எடுத்தார். "உங்களுக்கு இப்ப இருபத்தாறு வயசு. ஒன்னு புள்ளி நாலால பெருக்கினா முப்பத்தாறு புள்ளி நாலு. இன்னும் ஒன்னு புள்ளி நாலுதான் இடிக்கிது. இவ்ளோ தூரம் வந்துட்டு இதுக்காக விட்டுடுவீங்களா?"

"குடுக்குறதுக்கு எங்கிட்ட இனிமே என்ன இருக்கு?"

"குடுக்க வேணாம். ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக்கங்க. வெள்ளைக்காரர்கிட்ட படிச்சவங்கன்னு ஒரு பேப்பர் இருந்தா உங்க விகிதம் ஒன்னு புள்ளி மூனுக்கு எறங்கும். முப்பத்து மூனு புள்ளி எட்டு. உள்ள வந்துடுவீங்க. அந்த ஸ்கூல்ல இருபத்தேழு வருசமா இங்கிலீஷ் வாத்தியார் ஒரே ஒருத்தர்தானே, ரெக்கார்டுபடி? அவர்கிட்ட படிச்சேன்னு ஒரு கையெழுத்து. அவ்ளோதான்."

பிரேமலா எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டார். கைப்பேசி அடித்தது. லோஷினி.

"அம்மா, அடுத்த செமஸ்டருக்குப் பதியணும். வெள்ளிக்கிழமை கடைசியாம். பதியட்டுமா? இல்ல... ஒரு வருசம் நிறுத்தி வைக்கலாம்னா நான் வேலைக்குப் போறேன்மா, பரவால்ல."

அந்தப் 'பரவால்ல'வை அவர் வளர்த்த பிள்ளைதான் சொன்னது. குரலில் ஒரு பிசிறு இல்லை. நீள நாற்காலிக்குப் பக்கத்தில் அர்ச்சுனன் தட்டோடு நின்றுகொண்டு, பிரேமலா உட்காரப் போகிறாரா என்று பார்த்தார்.

"பதிஞ்சுடும்மா" என்றார் பிரேமலா. திரும்பி உள்ளே போனார்.

வியாழக்கிழமை கடைசி நேர்முகத் தேர்வு. ஏழாம் நாட்டின் தலைமையாசிரியரே நேரில் கேட்பார் என்றார்கள். திரையில் பெரிய மேசை வந்தது. மேசைக்குப் பின்னால் டைலர். தலைமுடியை வாரி, டை கட்டி, கண்ணாடி போட்டிருந்தான். கண்ணாடியில் பவர் இல்லை. அதன் வழியே அவன் கண் அப்படியே தெரிந்தது. கெட்ட பையன் இல்லை. பணிவாகத்தான் வணக்கம் சொன்னான். தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டான். பிரேமலாவின் பக்கம், கேமராவுக்கு வெளியே நாஸியா நின்று தலையசைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள் வயது?"

"முப்பத்து மூன்று புள்ளி எட்டு."

"அனுபவம்?"

"இல்லை."

"ஒரு வகுப்பின் முன்னால் எப்போதாவது நின்றிருக்கிறீர்களா?"

"இல்லை."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். பிரேமலாவைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"பயப்படாதீர்கள். நானும் ஒரு காலத்தில் புதியவன்தான். முதல் நாள் எனக்குக் கைகால் நடுங்கியது. பின்வரிசையில் ஒரு சின்னப் பெண் அழுதாள். பக்கத்தில் போனேன். என் காலணி மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், மற்ற பிள்ளைகள் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலைதான் இந்த வேலையை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்."

அந்தப் பிள்ளையின் பெயர் கிருஷ்ணம்மா. புளிச்சாதம். 1998, ஜனவரி, திங்கட்கிழமை. அன்று மாலை குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தது பிரேமலாதான். அவன் ஒப்பிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நடந்ததை நினைத்துப் பார்க்கிறவனுடைய கண் அது. சொல்லும்போது அவன் குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

"கடைசிக் கேள்வி" என்றான் டைலர். "உங்கள் ஆங்கிலம் அருமையாக இருக்கிறது. உங்களுக்குக் கற்றுக் கொடுத்தது யார்?"

நாஸியா சர்ட்டிபிகேட்டை உயர்த்திப் பிடித்துப் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தாள். பிரேமலா அந்த வரியைப் படித்தார். பிறகு சுத்தமான ஆங்கிலத்தில், ஒரு பிசகில்லாமல் சொன்னார்:

"நீங்கள்தான் சார்."

டைலர் ஆச்சரியப்படவில்லை. தாளில் ஒரு கோடு இழுத்தான். தேர்ச்சி என்று எழுதினான். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு அருகே வந்து, ஐம்பத்து மூன்று வயதுப் பெண்ணின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"மன்னித்துக்கொள் அம்மா" என்றான் கனிவாக. "எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் படித்துப் போயிருக்கிறார்கள். எல்லாருடைய முகமும் நினைவில் இருப்பதில்லை."